கேமராவின் விலையும் மாறுவதன் விலையும்

மும்பையில் நான் பணிபுரியும் கிளைக்குச் சென்ற மழைக்காலத்தில் திருமணப் படப்பிடிப்பாளர் ஒருவர் தனிநபர் கடன் கேட்டு வந்தார். ஆஷாட ஏகாதசி முதல் கார்த்திகி ஏகாதசி வரை மராட்டியக் குடும்பங்களில் பெரும்பாலும் திருமணம் நடப்பதில்லை. அந்த நான்கு மாத இடைவெளியில் கேமராவை மாற்றிவிட அவர் எண்ணினார். கையில் இருந்தது கேனான் 200டி. வாங்க விரும்பியதோ போட்டி நிறுவனமான நிக்கானின் டி750, அதுவும் பழையது. கோட்டைப் பகுதியின் போரா பஜாரில் அதற்குச் சொன்ன விலை 45,000 ரூபாய். அவர் கேட்ட கடனும் அதே தொகைதான்.

ஃபுல் ஃப்ரேம் கேமராவின் சென்சார், பழைய பிலிம் சுருளின் அளவான 36க்கு 24 மில்லிமீட்டர் கொண்டது. பரப்பில் அவருடைய கேமராவின் சென்சாரைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. மங்கிய மண்டப வெளிச்சத்தில் படம் தெளிவாக அமைவதற்கு இந்தப் பரப்பு பெரிதும் உதவும்.

ஆனால் கேமராவின் உடல் மட்டும் படம் எடுப்பதில்லை. நிக்கான் உடலில் கேனான் லென்ஸ் பொருந்தாது. ஃபிளாஷ், பேட்டரி ஆகியவற்றையும் மாற்ற வேண்டும். ஆகவே அதே நிறுவனத்தின் பழைய 6டி போன்ற ஒன்றை வாங்குவதே சிக்கனம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. அவர் லென்ஸ்களின் பெயரைச் சொல்லச் சொல்ல என் எண்ணம் மாறியது. அவரிடமிருந்த மூன்றில் இரண்டு, சிறிய சென்சாருக்கென்றே செய்யப்பட்ட இஎஃப்-எஸ் வகை. அவை கேனானின் சொந்த ஃபுல் ஃப்ரேம் உடலிலேயே பொருந்தா. எந்தப் பக்கம் போனாலும் அவற்றை விற்றே ஆக வேண்டும். பழைய நிறுவனத்திலேயே நீடிப்பதால் அவருக்கு மிஞ்சுவது ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸும் ஃபிளாஷும் மட்டுமே.

இருவரும் ஒரு தாளில் கணக்கிட்டோம். விலைகள் அவர் கடைகளில் விசாரித்து வந்தவை. கேனானிலேயே தொடர்ந்தால் 6டி உடல் 35,000, ஜூம் லென்ஸ் 28,000, பேட்டரி 2,000, ஆக 65,000. உதவாத பழைய பொருள்களை விற்றால் வருவது 24,000. நிகரச் செலவு 41,000 ரூபாய். நிக்கானுக்கு மாறினால் உடல் 45,000, ஜூம் 22,000, 50 மில்லிமீட்டர் லென்ஸ் 8,000, ஃபிளாஷ் 7,000, பேட்டரி 3,000, ஆக 85,000. அனைத்தையும் விற்று வருவது 34,000. நிகரம் 51,000. உடல்களின் விலை வேறுபாடும் 10,000, நிகர வேறுபாடும் 10,000. நிறுவனம் மாறுவதற்கென்று தனியாக ஒரு செலவும் இல்லை என்பது எனக்கு வியப்பாகவே இருந்தது.

அந்தப் பத்தாயிரத்துக்கு என்ன கிடைக்கிறது? 6டியில் நினைவட்டைக்கு ஓர் இடம்தான், டி750இல் இரண்டு. ஒவ்வொரு படத்தையும் இரண்டிலும் பதியலாம். முந்தைய ஆண்டு ஒரு திருமணத்தில் அட்டை பழுதாகித் தாலி கட்டும் காட்சி முழுவதும் அழிந்துவிட்டது, முன்பணத்தைத் திருப்பித் தந்தேன் என்று அவர் அப்போதுதான் சொன்னார். அதன்பின் நான் மறுப்பேதும் சொல்லவில்லை.

பழைய கேமராவின் வயதை ஆண்டுகளால் மட்டும் அளக்க இயலாது. டி750இன் ஷட்டர் 1,50,000 முறை இயங்குமாறு சோதிக்கப்பட்டது. அன்று எடுத்த, திருத்தப்படாத ஒரு படக் கோப்பைப் பெற்றால், அதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை அதிலேயே பதிந்திருக்கும். அவர் பார்த்த கேமராவில் 62,000. திருமணத்துக்கு 2,500 படங்கள் எனக் கொண்டால் மீதி 35 திருமணங்களுக்குக் காணும். அந்த எண்ணைத் தாண்டியும் ஷட்டர் உழைக்கலாம். முன்னரே ஓயவும் கூடும். ஆதலால் ஷட்டர் மாற்ற என்ன செலவாகும், உதிரிபாகம் கிடைக்குமா என்பதைப் பணிமனையில் முன்பே கேட்டுவைப்பது நல்லது.

இனி கடன். 51,000 ரூபாய்க்கு 12 விழுக்காடு வட்டியில் இரண்டு ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 2,400. மொத்த வட்டி ஏறத்தாழ 6,600. திருமணமில்லாத நான்கு மாதங்களிலும் தவணை நிற்காது. எனவே அடுத்த மழைக்காலத்துக்கென 9,600 ரூபாயைச் சேமிப்பில் ஒதுக்கிவைக்கச் சொன்னேன். பழையதை விற்ற பின்னரே புதியதை வாங்குவது என்றும் முடிவாயிற்று. அதற்கு வேலையில்லாத மாதங்களே வசதி. விற்கும்போது, "பணம் அனுப்புகிறேன், யுபிஐ பின் எண்ணை இடுங்கள்" என்று யாரேனும் சொன்னால் அது மோசடி. பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை.

முதல் கடையில் காட்டிய ஜூம் லென்ஸின் பின்புறம் கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தபோது உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை தெரிந்ததாம். மும்பையின் ஈரக்காற்றில் அது புதுமையன்று. மூன்றாவது கடையில் தூய்மையான லென்ஸ் கிடைத்தது. ரசீதில் கேமராவின் வரிசை எண்ணையும் லென்ஸின் வரிசை எண்ணையும் எழுதி வாங்கிய பிறகே அவர் பணத்தைச் செலுத்தினார்.