மேடைக்கு ஏற வழி இருக்கிறதா என்று முதலில் பார்

கொட்டாஞ்சேனை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய நிகழ்ச்சி நிரலை இரண்டு தரம் வாசித்தேன். உங்கள் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழுவுக்கு நிதி திரட்ட வெள்ளவத்தையில் ஒரு மாலை ஊரைக் கூட்டி, பாட்டும் சாப்பாடுமாக டிக்கெட் போட்டு நடத்தப்போகிறீர்கள் என்பது எனக்கு மெத்தச் சந்தோஷம். ஆனால் ஐந்தாவதாக ஒன்று எழுதியிருக்கிறாய், பிரதம விருந்தினர் கையால் பிள்ளைகளுக்குச் சக்கர நாற்காலி வழங்குவது என்று. அதை எடுத்துவிடு. நாற்காலி தேவைப்படுகிற பிள்ளைக்கு அதன் உடம்பை அளந்து, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடு. மேடையில் வரிசையாக இருத்திப் படம் எடுக்க வேண்டாம்.

இவ்வளவு கண்டிப்பாக ஏன் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியவேண்டும். 1962இல் நாடெங்கும் இளம்பிள்ளை வாதம் பரவியபோது நான் சின்னப் பிள்ளை. அன்றிலிருந்து ஊன்றுகோல்தான். எத்தனையோ மேடைகளைப் பார்த்துவிட்டேன். ஒரு தரம் கொழும்பில் ஒரு மண்டபத்தில், சக்கர நாற்காலியில் வந்த வாத்தியார் ஒருவரை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். தூக்கும்போது அவருடைய செருப்பொன்று கழன்று இரண்டாம் படியில் விழுந்தது. சபை கைதட்டியது. பொன்னாடை போர்த்தினார்கள். அவர் கணக்குப் படிப்பிக்கிறவர், நல்ல பேச்சுக்காரர். ஆனால் ஒலிவாங்கி கடைசிவரை அவர் கைக்கு வரவில்லை. அன்றைக்கு நல்ல வசூல். பிறகு அதே மண்டபத்துக்காரரிடம் சாய்தளம் போட்டுத் தரும்படி கேட்டுப் போனோம். “உங்களைத் தூக்கிவிடத்தான் ஆட்கள் இருக்கிறார்களே” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பிள்ளை, நீங்கள் காசு கேட்கும் விதத்தைப் பார்த்துத்தான் நாளைக்கு உங்களை மதிப்பார்கள். இரந்து கேட்டவரை யாரும் சட்டம் பேச விடமாட்டார்கள். இங்கிலாந்தில் ஐடிவி தொலைக்காட்சி 1988, 1990, 1992 ஆகிய ஆண்டுகளில் ‘டெலித்தான்’ என்று ஒரு நாளுக்கும் மேலாகத் தொடர்ந்து ஒளிபரப்பி நிதி சேர்த்தது. எண்ணிப் பார்க்க முடியாத தொகை. அப்படியிருந்தும் 1990இலும் 1992இலும் மாற்றுத்திறனாளிகளே லண்டனில் அதற்கு எதிராகக் கூடி நின்றார்கள். எங்களைப் பரிதாபமாகக் காட்டிச் சேர்க்கும் காசு வேண்டாம், உரிமையைத் தாருங்கள் என்பதே அவர்கள் சொன்னது. 1992க்குப் பிறகு அந்த நிகழ்ச்சி நடக்கவில்லை. 1995இல் அந்த நாட்டில் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தது.

எங்கள் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. அரச வேலையில் 3 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் எல்லாரும் போய்வர வழி இருக்கவேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. வந்தும் கட்டடங்கள் அப்படியே இருந்தன. அஜித் சி. எஸ். பெரேரா என்றொருவர், கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992இல் அவர் போய்க்கொண்டிருந்த காரின்மேல் மரம் விழுந்ததில் இரண்டு காலும் செயலிழந்தன. அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2011இல் கட்டளை வாங்கிய பிறகுதான் கட்டடம் கட்டுகிறவர்கள் கொஞ்சமாவது திரும்பிப் பார்த்தார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அவ்வளவும் தாளில் இருக்கிறது. அதை வாசற்படிக்குக் கொண்டுவரத்தான் உங்களுக்குக் காசு வேண்டும்: வழக்குச் செலவு, கூட்டத்துக்கு வருகிறவர்களின் ஓட்டோக் கூலி, சைகை மொழிபெயர்ப்பாளரின் சம்பளம், கடிதங்களை மூன்று மொழியிலும் அடிக்கிற செலவு. இவற்றைப் படம் பிடித்துக் காட்ட ஏலாது. ஆனாலும் டிக்கெட்டின் பின்பக்கத்தில் இதையே அச்சடி. வாங்குகிற சனத்துக்கு விளங்கும்.

விளங்காது என்று உன் நண்பர்கள் சொல்லக்கூடும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் இருக்கிற மாடி வீடுகளை நினைத்துப் பார். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, தாயும் தகப்பனும் நாலாம் ஐந்தாம் மாடியில். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது, லிஃப்ட் நின்று, மருந்து வாங்கக்கூட இறங்க முடியாமல் கிடந்தவர்கள் எத்தனை பேர்! படி ஏற ஏலாமல் போவது என்ன என்று அவர்களுக்கு நீ பாடம் எடுக்கத் தேவையில்லை. இங்கே கொட்டாஞ்சேனைச் சனத்துக்கும் அப்படித்தான். 2019 ஏப்ரல் 21 காலை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் பூசைக்குப் போனவர்களின் வாழ்க்கை குண்டுவெடிப்பில் எப்படி மாறியது என்று அயலிலேயே பார்த்தவர்கள். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 பேர், அதாவது 16 லட்சத்துக்கும் அதிகமானோர், பார்ப்பது, கேட்பது, நடப்பது போன்றவற்றில் ஏதோ ஒரு வகையில் சிரமம் உண்டு என்று சொன்னார்கள். உன் மண்டபத்தில் இருக்கப்போகிறவர்களின் வீடுகளிலும் அவர்கள் இருக்கிறார்கள். அப்படியே பேசு.

இனி மண்டபம். வாடகை குறைவு என்று முற்பணம் கட்டிவிடாதே. அளவு நாடாவோடு நீயே போ. வாசலில் மூன்று படி என்றால் ஒன்றரை அடி உயரம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடிச் சாய்வு வேண்டும் என்பதால் பதினெட்டு அடி நீளச் சாய்தளம் தேவை. பலகை ஒன்றைச் சாய்த்து வைப்பது ஆளைக் கொல்லும் வேலை. மேடைக்கும் அதே கணக்கு. அதற்கு இடமில்லையா, மேடையை விட்டுவிட்டு எல்லாரும் தரையிலேயே நின்று பேசுங்கள், பாடுங்கள். கழிவறைக் கதவைத் திறந்து உள்ளே பார்க்காமல் வராதே. நான் போன ஒரு இடத்தில் சக்கர நாற்காலிக் குறி போட்ட கதவுக்குப் பின்னால் தும்புத்தடியும் உடைந்த கதிரைகளும் அடுக்கியிருந்தன. சக்கர நாற்காலிகளை ஓரத்தில் ஒதுக்காமல், வரிசைகளுக்கு நடுவே சில கதிரைகளை எடுத்துவிட்டால் அவரவர் தங்கள் குடும்பத்தோடு இருக்கலாம். தமிழ்ச் சைகை மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே மிகக் குறைவு. ஆகவே பாட்டுக்காரரைப் பிடிக்குமுன் அவர்களைப் பிடி. மாநகர சபையில் டிக்கெட் பதிவும் களியாட்ட வரியும் பற்றி முன்கூட்டியே விசாரித்து வை.

யார் நடத்துகிறார்கள் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிது. அறிவிப்பாளரும், வாசலில் டிக்கெட் கிழிப்பவரும், காசு எண்ணிக் கணக்கு எழுதுபவரும் உங்கள் குழுவின் மாற்றுத்திறனாளிகளாகவே இருக்கட்டும். மற்றவர்கள் உதவிக்கு நிற்கலாம். பார்வையில்லாத தம்பி ஒருவர் உங்கள் குழுவில் வயலின் வாசிப்பார் என்று எழுதியிருந்தாய். வாசிக்கட்டும், ஆனால் மற்றக் கலைஞர்களுக்குக் கொடுக்கும் சன்மானத்தை அவருக்கும் கொடு. அறிமுகம் செய்யும்போது அவருடைய குருவின் பெயரைச் சொல், கண்ணைப் பற்றிப் பேசாதே.

மாற்றுத்திறனாளிகளுக்கு டிக்கெட் இலவசம் என்று போட்டிருக்கிறாயே, அதையும் மாற்று. உழைக்கிறவர்கள் மற்றவர்களைப் போலக் காசு கொடுத்து வரட்டும், கையில் இல்லாதவர்கள் யாராக இருந்தாலும் சும்மா வரட்டும். உதவிக்குக் கூட வருகிறவருக்கு மட்டும் இலவசம் என்று போடு. வரவு செலவுக் கணக்கை ஒரு மாதத்துக்குள் டிக்கெட் வாங்கிய எல்லாருக்கும் அனுப்பிவிடு. அடுத்த வருடம் கேட்கப் போகும்போது அதுதான் உனக்குத் துணை.

எனக்கு முன்வரிசை வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். இரண்டு டிக்கெட் எடுத்து வை. முழுக் காசும் தருவேன்.

அன்புடன்,
பெரியம்மா