நைதரசனீரொட்சைட்டு: கபில நிற நச்சுவாயு

2021 மே 20 ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னும் கொள்கலன் கப்பலில் தீப்பற்றியது. அதில் 1486 கொள்கலன்கள் இருந்தன. ஏற்றப்பட்டிருந்த பொருள்களுள் 25 தொன் நைத்திரிக்கமிலமும் ஒன்று. கப்பல் இலங்கைக் கடலுக்கு வருமுன்னரே அந்த அமிலம் கசியத் தொடங்கியிருந்தது. கசிந்த கொள்கலனை இறக்குவதற்கு வழியில் இரு துறைமுகங்களில் கேட்கப்பட்டும் அது இறக்கப்படவில்லை. பல நாள்கள் எரிந்த கப்பல் ஜூன் 2 ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. கரையொதுங்கிய பிளாத்திக்குத் துணிக்கைகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆனால் கப்பல் எரிந்துகொண்டிருந்த நாள்களில் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை வேறோர் எச்சரிக்கையையும் விடுத்தது. கப்பலிலிருந்து நைதரசனீரொட்சைட்டு வெளியேறுவதால் அமிலமழை பெய்யலாம், கரையோர மக்கள் அவதானமாக இருக்கவேண்டும் என்பதே அது.

கடலில் எரியும் கப்பலுக்கும் கரையில் பெய்யும் மழைக்கும் என்ன தொடர்பு? இப்பாடத்தைப் படித்து முடித்ததும் இவ்வினாவுக்கு நீங்களே சமன்பாட்டுடன் விடை எழுதக்கூடியவர்களாக இருத்தல் வேண்டும்.

பெயர்க் குழப்பம்

நைதரசனின் ஒட்சைட்டுகளுள் மூன்றை மாணவர்கள் அடிக்கடி மாற்றி எழுதுகின்றனர். விடைத்தாள்களில் புள்ளிகள் இழக்கப்படும் இடங்களுள் இதுவும் ஒன்று.

நைத்திரசு ஒட்சைட்டு நிறமற்றது. சிரிப்பூட்டும் வாயு என்பது இதுவே. நைதரசன் பசளை இட்ட வயல் மண்ணில் பற்றீரியாக்களின் செயலால் வெளிவருவதும் இதுவே. இது ஒரு பச்சைவீட்டு வாயு. நைத்திரிக்கு ஒட்சைட்டும் நிறமற்றது. ஆனால் வளியைச் சந்தித்த கணத்திலேயே ஒட்சிசனுடன் சேர்ந்து மூன்றாவது ஒட்சைட்டாக மாறிவிடும். அந்த மூன்றாவதுதான் நைதரசனீரொட்சைட்டு. செங்கபில நிறமும் மூக்கைத் துளைக்கும் மணமும் உடையது. இம்மூன்றனுள் நிறத்தைக் கொண்டே இனங்காணத்தக்கது இது ஒன்றே.

பௌதிக இயல்புகள்

இதன் மூலக்கூறு ஒன்றில் ஒரு நைதரசன் அணுவும் இரு ஒட்சிசன் அணுக்களும் உள்ளன. எனவே சார்மூலக்கூற்றுத்திணிவு 14 + (2 × 16) = 46. வளியின் சராசரிச் சார்மூலக்கூற்றுத்திணிவு ஏறத்தாழ 29 ஆகும். 46 ஐ 29 ஆல் வகுத்தால் 1.6 அளவில் வரும். அதாவது இவ்வாயு வளியிலும் ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தியானது. கிணறு, குழி, சாளரமற்ற அறையின் தரைப்பகுதி ஆகியவற்றில் இது தங்கிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

இதன் கொதிநிலை 21 °C. முரசுமோட்டையில் விடியற்காலையிலும் வெப்பநிலை பெரும்பாலும் இதற்கு மேலேயே இருக்கும். ஆகவே இங்கு அது வாயு. நுவரெலியாவில் ஒரு குளிர்ந்த காலையில் தூய நைதரசனீரொட்சைட்டை மூடிய குழாயொன்றில் வைத்தால் அது திரவமாகக் காணப்படும்! இவ்வாயுவை அடைத்த கண்ணாடிக் குழாயைப் பனிக்கட்டியில் வைக்கும்போது நிறம் மங்குவதும், சுடுநீரில் வைக்கும்போது நிறம் கடுமையாவதும் அழகான ஒரு காட்சி. குளிரில் இரண்டிரண்டு மூலக்கூறுகள் இணைந்து நிறமற்ற இருநைதரசனாலொட்சைட்டு ஆகின்றன. வெப்பமேறும்போது மீண்டும் பிரிகின்றன. இது ஒரு மீளும் தாக்கமாகும்.

ஆய்வுகூடத்தில் பெறுதல்

செறிந்த நைத்திரிக்கமிலத்தைச் செப்புத் துருவல் மீது சேர்க்கும்போது, வெப்பமேற்றாமலே செங்கபில வாயு பெருகி வரும். கரைசல் பச்சை கலந்த நீலமாகும்.

செப்பு + செறிந்த நைத்திரிக்கமிலம் → செப்பு நைத்திரேற்று + நைதரசனீரொட்சைட்டு + நீர்

மூல் விகிதம் முறையே 1 : 4 → 1 : 2 : 2. குறியீடுகளைக் கொண்டு இச்சமன்பாட்டை எழுதிச் சமப்படுத்திப் பாருங்கள். விகிதம் சரியாக வரவேண்டும்.

அமிலம் ஐதானதாயின் விளைவு நைத்திரிக்கு ஒட்சைட்டு. ஆனாலும் சோதனைக் குழாயின் வாயில் கபில நிறம் தெரியும். இதைக் கண்டு ‘ஐதான அமிலமும் நைதரசனீரொட்சைட்டைத் தருகின்றது’ என எழுதுவோர் பலர். குழாயின் அடிப்பகுதியை நன்றாகப் பாருங்கள். அங்கு வாயு நிறமற்றே இருக்கும். வளியிலுள்ள ஒட்சிசனைச் சந்திக்கும் இடத்தில்தான் நிறம் தோன்றுகின்றது.

நைத்திரிக்கு ஒட்சைட்டு + ஒட்சிசன் → நைதரசனீரொட்சைட்டு (2 : 1 → 2)

ஈய நைத்திரேற்றை வெப்பமேற்றியும் இவ்வாயுவைப் பெறலாம். வெண்ணிறப் பளிங்குகள் படபடவென வெடித்து, ஈயவொட்சைட்டு, நைதரசனீரொட்சைட்டு, ஒட்சிசன் என்பவற்றைத் தரும். ஈயமும் நஞ்சு, வாயுவும் நஞ்சு ஆகையால் இதனை ஆசிரியர் செய்துகாட்ட நீங்கள் தள்ளி நின்று அவதானிப்பதே முறை.

வாயு வளியிலும் அடர்த்தியானதாகையால் வளியின் மேன்முக இடப்பெயர்ச்சி மூலம் சேகரிக்கப்படும். நீருக்கு மேலாகச் சேகரிக்க முடியாது; நீருடன் தாக்கமுறும்.

புரோமீன் ஆவியும் செங்கபில நிறமுடையது. வேறுபடுத்தல் எவ்வாறு? சிறிது நீர் சேர்த்துக் குலுக்குக. நைதரசனீரொட்சைட்டாயின் நிறம் மறைந்து நிறமற்ற அமிலக் கரைசல் கிடைக்கும். புரோமீனாயின் நீர் செம்மஞ்சளாகும்.

கப்பலும் மழையும்

நைத்திரிக்கமிலம் வலிய ஒட்சியேற்றும் கருவி. அது கசிந்து மரம், அட்டை, உலோகம் போன்றவற்றைத் தொட்டால் அவற்றை ஒட்சியேற்றித் தான் தாழ்த்தலடையும். வெப்பம் வெளிவரும்; நைதரசனீரொட்சைட்டும் வெளிவரும். வெளியேற வழியற்ற இடத்தில் வெப்பம் கூடக்கூடத் தீ மூளும். கப்பலின் தீக்கு அமிலக் கசிவே காரணம் என இலங்கைக் கடற்படை கருதியதற்கு அடிப்படை இதுவே. தீயின் வெப்பத்தில் அமிலமும் பிரிகையடைந்து மேலும் அதே வாயுவைத் தரும். காற்றோடு எழுந்த வாயு முகில் நீருடன் சேரும்போது:

நைதரசனீரொட்சைட்டு + நீர் → நைத்திரிக்கமிலம் + நைத்திரசமிலம் (2 : 1 → 1 : 1)

நைத்திரசமிலமும் ஒட்சிசனுடன் சேர்ந்து நைத்திரிக்கமிலமாகும். கொள்கலனில் இருந்த அமிலம் வாயுவாகி மேலெழுந்து, மழையில் மீண்டும் அமிலமாகவே கீழிறங்கும் என்பதே எச்சரிக்கையின் பொருள்.

கப்பல் எரியாத நாள்களிலும் இது நடக்கின்றது. நைதரசன் மூலக்கூறிலுள்ள மும்மைப் பிணைப்பை உடைக்க மிகுந்த சக்தி வேண்டும். மின்னலில் அது கிடைக்கின்றது. வாகன எஞ்சின்களின் உள்ளேயும் கிடைக்கின்றது. அங்கு வளியிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து முதலில் நைத்திரிக்கு ஒட்சைட்டும், வெளியே வந்ததும் நைதரசனீரொட்சைட்டும் உண்டாகின்றன. வெயிலில் இவ்வாயு பிரிந்து ஓர் ஒட்சிசன் அணுவை விடுவிக்கும். அவ்வணு ஒட்சிசன் மூலக்கூறுடன் சேர்ந்து ஓசோனைத் தரும். நகரங்களின் ஒளியிரசாயனப் புகார் இவ்வாறே தொடங்குகின்றது.

உடலில் என்ன நடக்கின்றது?

இப்பகுதியை மனனம் செய்வதிலும் விளங்கிக்கொள்வதே முக்கியம். பரீட்சைக்கு அப்பாலும் உதவும்.

மூன்று நச்சுவாயுக்களை ஒப்பிடுவோம். அமோனியா நீரில் மிக நன்றாகக் கரையும். சுவாசித்ததும் மூக்கு, தொண்டை ஆகியவற்றின் ஈரத்திலேயே கரைந்து கடுமையாக எரியும். மனிதன் உடனே ஓடித் தப்புவான். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் யுத்தத்துக்கு முன் உப்புக் கரைசலை மின்பகுத்துப் பெறப்பட்ட குளோரீன், கரைதிறனில் இடைப்பட்டது. நைதரசனீரொட்சைட்டோ மெதுவாகவே கரையும். தொண்டையில் சிறு எரிவை மட்டும் தந்துவிட்டு, பெரும்பகுதி சுவாசப்பையின் ஆழத்திலுள்ள சிற்றறைகள்வரை சென்றுவிடும். அங்குள்ள ஈரத்தில் ஆறுதலாக அமிலங்களை உண்டாக்கும். தானே ஒட்சியேற்றும் கருவியாகவும் செயற்பட்டுச் சிற்றறைகளின் மெல்லிய சுவரைச் சிதைக்கும். சிதைந்த சுவரினூடாகக் குருதித் திரவவிழையம் கசிந்து சிற்றறைகளை நிரப்பும். வாயுப் பரிமாற்றம் தடைப்படும். நோயாளி கரையில் இருந்துகொண்டே நீரில் மூழ்குபவன் போலாவான்.

இதற்குச் சில மணித்தியாலங்கள், சிலவேளை ஒரு நாள்வரை எடுக்கும். இடைப்பட்ட நேரத்தில் அவருக்கு இலேசான இருமலைத் தவிர ஒன்றும் இராது. ‘எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்’ என்பார். இவ்வாயுவின் மிகப் பெரிய ஆபத்து அந்த வார்த்தையில்தான் இருக்கின்றது. இரவில் உறக்கத்தில் மூச்சுத்திணறல் தொடங்கும். அதிலிருந்து தேறியவர்களுக்கும் சில வாரங்களின் பின் நுண்சுவாசக் குழாய்கள் அடைபடும் நோய் வரலாம்.

1929 மே 15 இல் ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில், நைத்திரோசெலுலோசால் ஆன எக்ஸ்-கதிர்ப் படச்சுருள்கள் தீப்பற்றின. தீச்சுவாலையால் அன்றி, நைதரசன் ஒட்சைட்டுகளும் காபனோரொட்சைட்டும் கலந்த புகையாலேயே பெரும்பாலானோர் பலியாகினர். இறந்தோர் 123 பேர். அம்மருத்துவமனையை நிறுவிய வைத்தியர்களுள் ஒருவரான ஜோன் பிலிப்ஸ் கட்டடத்திலிருந்து வெளியே வந்துவிட்டார். அன்று மாலையே இறந்தார். 1975 ஜூலை 24 இல் அப்பலோ–சோயூஸ் பயணத்தை முடித்துத் திரும்பிய மூன்று அமெரிக்க விண்வெளி வீரர்கள், கலம் இறங்கும்போது உள்ளே புகுந்த இவ்வாயுவைச் சில நிமிடங்கள் சுவாசித்தனர். ஒருவர் மயக்கமுற்றார். மூவரும் ஹொனலுலுவில் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்கப்பட்டனர். மூவரும் உயிர் தப்பினர்.

ஆகவே இவ்வாயுவைச் சுவாசித்தவரைத் தூய வளிக்குக் கொண்டுவந்து அமைதியாக இருக்கச் செய்யவேண்டும். நடக்கவிடுதலும் வேலை செய்யவிடுதலும் கூடாது. உழைப்பு ஒட்சிசன் தேவையை அதிகரிக்கும். அமிலம் பட்ட உடையைக் களைந்து உடலை நீரால் கழுவவேண்டும். நன்றாக இருப்பதாக அவர் சொன்னாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். எந்த வாயு, எத்தனை மணிக்கு என்பதை வைத்தியருக்குக் கட்டாயம் கூறுங்கள்.

நமது ஊரில் எங்கே?

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் ஓடும் லொறிகளும் வயலில் உழும் உழவு இயந்திரங்களும் சிறிதளவை வெளிவிடுகின்றன. திறந்த வெளியாகையால் அது விரைவில் ஐதாகிவிடும். வைக்கோல் எரிக்கும் புகையிலும் உண்டு. எனினும் அங்கே துணிக்கைகளும் காபனோரொட்சைட்டுமே பெரிய தொல்லை. கிணற்றுக்குள் நீர்ப்பம்பியை இறக்கி இயக்கும்போது ஆளைக் கொல்வதும் முக்கியமாகக் காபனோரொட்சைட்டே. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மாட்டுத் தீவனத்தைக் காற்றுப்புகாமல் குழியிலோ பீப்பாவிலோ அடைத்துப் பதப்படுத்துவோர், முதல் மூன்று வாரங்களுக்குள் அதைத் திறந்து தலையை உள்ளே நீட்டக்கூடாது. பயிரிலுள்ள நைத்திரேற்றிலிருந்து கபில வாயு உண்டாகி அடியில் தங்கியிருக்கலாம்.

உண்மையில் செறிவான வாயு உண்டாகும் இடம் பத்தரின் பட்டறை. பழைய நகையில் பொன்னுடன் கலந்துள்ள செப்பையும் வெள்ளியையும் நீக்கத் ‘திராவகம்’ ஊற்றுவார்கள். திராவகம் என்பது நைத்திரிக்கமிலமே. எழும் கபிலப் புகை நாம் மேலே எழுதிய முதற் சமன்பாட்டின் விளைவு. கதவைச் சாத்திவிட்டு இதைச் செய்தால் என்னாகும் என்பதைக் கணித்தே பார்ப்போம்.

மாதிரி வினா

நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 3 மீற்றரான மூடிய அறையொன்றில் 0.64 கிராம் செப்பு, செறிந்த நைத்திரிக்கமிலத்தில் முற்றாகக் கரைக்கப்பட்டது. (செப்பின் சாரணுத்திணிவு 64 எனக் கொள்க.)
(அ) வெளிவரும் நைதரசனீரொட்சைட்டின் திணிவு யாது?
(ஆ) அது அறை முழுவதும் சீராகப் பரவின், ஒரு கனமீற்றரில் எத்தனை மில்லிகிராம் இருக்கும்?
(இ) உலக சுகாதார நிறுவனம் 2021 இல் விதந்துரைத்த 24 மணித்தியாலச் சராசரி எல்லை, கனமீற்றருக்கு 25 மைக்கிரோகிராம் ஆகும். (ஆ) இன் விடையை அதனுடன் ஒப்பிடுக.

விடை

(அ) செப்பு 0.64 ÷ 64 = 0.01 மூல். ஒரு மூல் செப்பு இரு மூல் வாயுவைத் தரும், எனவே 0.02 மூல். திணிவு 0.02 × 46 = 0.92 கிராம்.

(ஆ) 0.92 கிராம் = 920 மில்லிகிராம். அறையின் கனவளவு 27 கனமீற்றர். 920 ÷ 27 = ஏறத்தாழ 34 மில்லிகிராம்.

(இ) 34 மில்லிகிராம் = 34 000 மைக்கிரோகிராம். 34 000 ÷ 25 = 1360. எல்லையின் 1360 மடங்கு. அறையில் ஒரு நாள் முழுவதும் யாரும் இருக்கமாட்டார்கள் என்பது உண்மையே. எனினும் வாயு சீராகப் பரவுமுன் பாத்திரத்தின் மேல் குனிந்திருப்பவரின் மூக்கருகே செறிவு இதனிலும் அதிகமாக இருக்கும் என்பதையும் விடையில் குறிப்பிடுக.