கைநாட்டும் கையெழுத்தும்

நுழையும்முன்

எழுத்தறியாதவர் அறிவற்றவர் என்று எண்ணுவது பிழை. நாற்றின் வயதையும் மழையின் திசையையும் பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தவர்கள், ஒரு தாளின் முன் மட்டும் தலைகுனிந்து நிற்க நேர்ந்தது. அந்நிலையை மாற்றப் புதுக்கோட்டை மாவட்டம் மேற்கொண்ட ஒரு முயற்சியை இப்பாடம் விளக்குகிறது.

'தற்குறி' என்னும் சொல்லை இன்று வசைச்சொல்லாகவே வழங்குகிறோம். அதன் முதற்பொருளில் வசை ஏதுமில்லை. எழுதத் தெரியாத ஒருவர், ஆவணத்தில் கையெழுத்துக்கு ஈடாகத் தம் கையால் இடும் அடையாளமே தற்குறி. குறியைச் சுட்டிய சொல் நாளடைவில் குறியிட்டவரைச் சுட்டலாயிற்று. பின்னர் அவரை இகழவும் பயன்பட்டது. 'கைநாட்டு' என்ற சொல்லுக்கும் அதே கதிதான் நேர்ந்தது. கட்டைவிரலில் மை தடவி ரேகை வைப்பவர், தாம் எதற்கு உடன்படுகிறோம் என்பதைப் பிறர் வாயால்தான் அறிய முடியும். கடன்பத்திரத்தில் இருநூறு இரண்டாயிரமாக மாறியிருந்தாலும் அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இகழ்ச்சியைக் காட்டிலும் இந்த இழப்பே பெரிது.

இந்திய அரசு 1988ஆம் ஆண்டு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அவ்வெற்றி தந்த ஊக்கத்தில் தமிழ்நாட்டில் 'அறிவொளி இயக்கம்' பிறந்தது. வறட்சிக்குப் பெயர்பெற்ற புதுக்கோட்டையில், அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று ஊக்குவிக்க, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் ஆசிரியர்களும் இளைஞர்களும் கைகோத்தனர். கலைக்குழுக்கள் ஊர் ஊராகச் சென்று வீதி நாடகம் நடத்தின. கற்பித்தோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். அவர்களுள் உங்கள் வயதை ஒத்த மாணவ மாணவியரும் பலர் இருந்தனர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். பகலில் தாம் மாணவராக இருந்தவர்கள், இரவில் தம் தாய் வயதுடையோருக்கு ஆசிரியராயினர்.

கோயில் மண்டபத்திலும் தெருவிளக்கின் அடியிலும் வீட்டுத் திண்ணையிலும் வகுப்புகள் நடந்தன. களையெடுத்தும் கல்லுடைத்தும் களைத்து வந்தவர்களிடம் 'அ' முதல் தொடங்கி வரிசையாக எழுத்துகளை ஒப்பிக்கச் சொன்னால், மறுநாள் எத்தனை பேர் வருவர்? ஆகவே அறிவொளிப் பாடநூல் எழுத்து வரிசையைக் கைவிட்டு, சொல்லிலிருந்து தொடங்கியது. அதன் முதற்பாடச் சொல் 'பட்டா'.

இச்சொல்லைத் தேர்ந்தவர்களின் நுட்பத்தை நான் பலமுறை வியந்ததுண்டு. நிலமற்றவரின் நெடுநாள் ஏக்கம் அது. வாயால் ஆயிரம் முறை சொன்ன சொல்; கண்ணால் படித்தறியாத சொல். அதைப் பற்றிப் பேச எவரும் தயங்கமாட்டார். யாரிடம் நிலம் இருக்கிறது, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பேச்சு வளர்ந்த பின்னரே எழுத்து வரும். இலக்கண நோக்கிலும் அது நல்ல தேர்வு. ப, ட என்னும் இரண்டு எழுத்துகளுடன் புள்ளியும் துணைக்காலும் அறிமுகமாகிவிடுகின்றன. இந்நான்கைக் கொண்டே பாப்பா, டப்பா, பாட்டா என எழுதிப் பாருங்கள். 247 எழுத்துகள் என்னும் மலைப்பு அங்கேயே பாதி கரைந்துவிடும். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரையர் 1963இல் அங்கிகோஸ் என்னும் ஊரில் உழைப்பாளர்களுக்குக் கற்பித்தபோது, அவர்கள் வாழ்வில் புழங்கிய சொற்களையே முதற்பாடமாக்கினார். புதுக்கோட்டையில் பின்பற்றப்பட்டதும் அவ்வழியே.

எழுத்து பயனுறுவதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? அம்மாவட்டத்தின் கல்குவாரிகளில் பெண்கள் நெடுங்காலம் கூலிகளாக உழைத்தனர். குத்தகை வேறொருவர் பெயரில் இருக்கும். சம்மட்டி மட்டும் இவர்கள் கையில் இருக்கும். எத்தனை லோடு சென்றது, அதன் விலை என்ன, தம் பெயரில் எழுதிய முன்பணம் எவ்வளவு என்பனவெல்லாம் பிறர் கணக்கில் இருந்தன. அக்காலத்தில் மாவட்ட நிர்வாகம் குவாரிகள் பலவற்றை அங்கே உழைத்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு வழங்கியது. பழைய குத்தகைதாரர்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. எதிர்ப்பைத் தாங்குவதற்குத் துணிவு வேண்டும். குவாரியை நடத்துவதற்கோ கணக்கு வேண்டும். லாரிக்கு நடைச்சீட்டு எழுத வேண்டும். லோடுகளை எண்ணிக் குறிக்க வேண்டும். வங்கியில் பணம் கட்டவும் எடுக்கவும் வேண்டும். உறுப்பினருக்குப் பங்கு பிரிக்க வேண்டும். அப்போது கூட்டலும் கழித்தலும் பாடநூற் பயிற்சி என்னும் நிலையைக் கடந்து, அன்றைய கூலியைக் காக்கும் கருவிகளாயின. கல்லுடைக்கும் தொழிலை அப்பெண்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. தொழிலை நடத்தும் பகுதிதான் அவர்களிடமிருந்து மறைக்கப்பட்டிருந்தது. தொழிற்பயிற்சி என்றதும் தையல் இயந்திரத்தை மட்டுமே நினைப்போர் இதை மனங்கொள்ள வேண்டும்.

மிதிவண்டியும் இவ்வியக்கத்தின் பாடமாயிற்று. தொண்டர்களான பெண்கள் ஊர்விட்டு ஊர் செல்லவும், கற்கும் பெண்கள் பேருந்துக்கும் ஆண்துணைக்கும் காத்திராமல் வேலைக்கும் சந்தைக்கும் செல்லவும் அது தேவைப்பட்டது. ஏளனப் பேச்சு எழாமல் இல்லை. எனினும் சேலை கட்டிய பெண்கள், மகளிர் மிதிவண்டி கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் வண்டியிலேயே ஏறிப் பழகினர். ஆயிரக்கணக்கானோர் கற்றனர். எழுத்தைவிட மிதிவண்டியே தம்மை மாற்றியது என்று கருதியவர்களும் உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை.

1992இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்போடு கதை முடிந்துவிடவில்லை. புதிதாகக் கற்றவரின் எழுத்து, நீர் காணாத நாற்றுப்போல் விரைவில் வாடக்கூடியது. படிக்கப் பெரிய எழுத்தில் நூல்களும், எழுதக் காரணமும், கூடிப் பேச இடமும் தொடர்ந்து கிடைத்த ஊர்களில் அது நிலைத்தது. 'வளர்கல்வி' மையங்கள் இதற்காகவே அமைந்தன. அத்துணை இல்லாத இடங்களில் பலருக்குப் பெயரெழுதும் பழக்கம் மட்டும் கையில் தங்கியது. படிக்கும் பழக்கம் நழுவியது. கையெழுத்திட முடிந்தும் கையெழுத்திடும் தாளைப் படிக்க முடியாதவர், கைநாட்டு வைத்தவரைவிட எவ்வளவு தொலைவு நகர்ந்திருக்கிறார்?

எழுத்தையும் தொழிலையும் இணைக்கும் முயற்சி வேறு வடிவங்களிலும் நடந்து வருகிறது. 1967இல் மும்பையில் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்ட 'சிரமிக் வித்யாபீடம்', 2000ஆம் ஆண்டில் 'மக்கள் கல்வி நிறுவனம்' எனப் பெயர்மாற்றம் பெற்றது. எழுத்தறியாதோருக்கும் பள்ளியை இடையில் விட்டோருக்கும் இத்தகைய நிறுவனங்கள் பல மாவட்டங்களில் தொழிற்பயிற்சி அளிக்கின்றன. தமிழ்நாட்டில் 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 51.33 விழுக்காடாக இருந்த பெண்களின் எழுத்தறிவு, 2011இல் 73.44 விழுக்காடாக உயர்ந்தது. எஞ்சியோருள் பெரும்பாலோர் வயதில் மூத்தவர்கள். வங்கியில் பணம் எடுக்கும் படிவத்தை நீட்டி, "தம்பி, இதைக் கொஞ்சம் எழுதிக் கொடுப்பா" என்று உங்களிடம் கேட்பவர் அவர்களுள் ஒருவராக இருக்கலாம்.

கற்பவை கற்றபின்...

1. வங்கிப் படிவம், குடும்ப அட்டை, மின்கட்டண அட்டை ஆகியவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்க. அதைப் படித்தறிய ஒருவருக்கு இன்றியமையாத சொற்களைத் தொகுக்க. உங்கள் ஊரில் முதியோர் வகுப்பு தொடங்கினால் முதற்பாடமாக எச்சொல்லைத் தேர்வீர்கள்? காரணம் கூறுக.

2. அறிவொளி வகுப்பில் கற்றவரோ கற்பித்தவரோ உங்கள் பகுதியில் இருப்பின், அவரைச் சந்தித்து, அன்று கற்றவற்றுள் இன்றும் பயன்படுவது எது எனக் கேட்டு எழுதுக.