'மக்குமா?' என்ற கேள்விக்குப் பிறகு

மக்கும் குப்பை பச்சைத் தொட்டிக்கு, மக்காதது நீலத் தொட்டிக்கு என்று தொடக்க வகுப்புக் குழந்தையும் சொல்லிவிடும். அதே குழந்தையிடம் தீர்ந்துபோன பேட்டரியைக் காட்டி எதில் போடுவாய் என்று கேளுங்கள். நீலத் தொட்டி என்றே பதில் வரும். மக்காதுதானே! நாம் கற்பித்த விதிப்படி அது சரி. குப்பையைக் கையாள்பவருக்கு அது ஆபத்து. ஆகவே 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் இன்னொரு கேள்வியையும் சேர்க்கலாம்: இதை அடுத்து யார் கை தொடும்?

கரும்பலகையில் ஒரு பாதை வரையுங்கள். சாரம் பகுதி உழவர்கரை நகராட்சியில் இருக்கிறது. வீட்டு வாசல், தெருத்தொட்டி, லாரி, குருமாம்பேட் குப்பைக் கிடங்கு. ஒவ்வோர் இடத்திலும் யார் நிற்கிறார், கையில் உறை இருக்குமா என்று மாணவர்களே சொல்லட்டும். பிறகு பொருள்களின் பெயர் எழுதிய அட்டைகளைப் பாதையில் நகர்த்தச் சொல்லுங்கள். அட்டைகளே போதும்; உண்மையான குப்பையை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம்.

'இன்சுலின் ஊசி' அட்டை வரும்போது வகுப்பு அமைதியாகிவிடும். 'குழல்விளக்கு' அட்டைக்கு விளக்கம் தேவைப்படும்: அதற்குள் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு, உடைந்தால் ஆவியாகி மூச்சில் கலக்கும். கைப்பேசியின் லித்தியம் பேட்டரி லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கலாம். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொன்னது இதனால்தான். பழைய பேட்டரி, ஊசி, காலாவதியான மருந்து, பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா ஆகியவை அவ்விதிகளில் 'வீட்டு அபாயக் கழிவு' என்ற மூன்றாம் வகையாக இருந்தன. நாப்கினைப் பாதுகாப்பாகச் சுற்றியே தர வேண்டும் என்பதும் அவ்விதிகளில் இருந்தது. இதை மாணவர், மாணவியர் இருவருக்கும் சேர்த்தே சொல்லுங்கள். தயங்கித் தாண்டிப் போனால் சுற்றாத நாப்கினைக் கையால் எடுக்கப்போவது ஒரு தொழிலாளிதான்.

பிரெஞ்சு படிக்கும் மாணவர் இருந்தால் குப்பைத்தொட்டிக்கு அம்மொழியில் என்ன பெயர் என்று கேட்கலாம். 'புபெல்' என்பது ஓர் அதிகாரியின் குடும்பப் பெயர். 1884இல் பாரிஸ் வீட்டு உரிமையாளர்கள் தொட்டி வைக்க வேண்டும் என ஆணையிட்டவர் இயூஜேன் புபெல். அழுகுவதற்கு ஒன்று, தாளுக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடிக்கும் சிப்பி ஓட்டுக்கும் ஒன்று என அப்போதே மூன்று!

வீடு இடிக்கும் செங்கல், சிமென்ட், டைல்ஸ் துண்டு மக்காதவைதான். ஆனாலும் தெருத்தொட்டிக்கு உரியவை அல்ல. இதைக் கணக்காகவே கொடுக்கலாம். ஒரு செங்கல் ஏறக்குறைய 3 கிலோ என்றால் 100 செங்கல் எவ்வளவு? 300 கிலோ ஏறிய தொட்டியை யார் நகர்த்துவார்? இதற்கென 2016இலேயே தனி விதிகள் வந்துவிட்டன. இடிபாட்டைத் தனியாக வைத்து ஒப்படைக்க வேண்டும். வாடகைக்கு டிப்பர் பிடிக்கும் வீட்டுக்காரர் 'நம் வண்டிதானே' என்று பழைய குழல்விளக்கையும் பெயிண்ட் டப்பாவையும் அதில் ஏற்றிவிடக்கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஓடு இன்னும் மோசம். அதை உடைத்தால் பறக்கும் நுண்ணிழை நுரையீரலில் தங்கிவிடும். உடைக்காமல், நனைத்து, தனியே வைக்க வேண்டும்.

தெளிவான விடை இல்லாத அட்டைகளும் மிஞ்சும்: பால் ஒட்டிய பாக்கெட், எண்ணெய் படிந்த பார்சல் தாள், தேங்காய் ஓடு. இவற்றுக்கு நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். தெருவில் குப்பை எடுக்க வருபவரை ஒரு பிற்பகல் வகுப்புக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, மாணவர்கள் அவரிடம் நேரில் கேட்கட்டும்.