டப்பா சூப்பும் பருப்புத் தண்ணீரும்

உணவே மருந்து என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அவ்வுணவு டப்பாவில் அடைபட்டு வரும்போது அது மருந்தாகுமா, நோயாகுமா என்பதை ஆராய்வது இன்றைய தேவையாகும். அரியக்குடி, காரைக்குடி வட்டாரத்து மக்கள் கடல் கடந்து சென்று பொருள் ஈட்டியவர்கள். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் தக்காளி சூப் டப்பாவும் இருப்பதுண்டு. காய்ச்சலில் படுத்தவர்க்கும் பல்லில்லாத முதியவர்க்கும் அதை வெந்நீரில் கரைத்துக் கொடுத்துவிடுகிறோம். அம்முதியவர்க்கு இரத்தக் கொதிப்பு இருந்தால் என்ன ஆகும்? இதுவே இக்கட்டுரை எழுப்பும் வினா.

டப்பா பிறந்த கதை

பிரெஞ்சு நாட்டு நிக்கொலா அப்பேர் என்பவர் உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிநீரில் வைத்துக் காக்கும் முறையை 1810-ல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை பெற்றார். 1897-ல் அமெரிக்காவின் கேம்பெல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் டாரன்ஸ் என்னும் வேதியியலார், நீரைக் குறைத்துச் சுண்டிய சூப்பைச் செய்து காட்டினார். எடை குறைந்தது, ஏற்றுமதிச் செலவும் குறைந்தது. வீட்டில் ஒரு பங்கு சூப்புக்கு ஒரு பங்கு நீர் சேர்த்தால் போதும்.

தக்காளியின் தன்மை

தக்காளியின் செந்நிறத்துக்குக் காரணம் லைக்கோபீன் என்னும் நிறமி. தக்காளியை வேகவைத்தால் செல் சுவர்கள் உடைந்து இது எளிதில் வெளிப்படுகிறது. சிறிது எண்ணெய் சேர்ந்தால் உடல் இதை நன்கு ஏற்கிறது. ஆனால் வைட்டமின் சி வெப்பத்தால் குறைகிறது. ஆகவே டப்பாத் தக்காளி சத்தற்றது என்று ஒதுக்கவும் வேண்டா. புதிய தக்காளிக்கு முழு மாற்று என்று கொள்ளவும் வேண்டா.

உப்புக் கணக்கு

குறை, தக்காளியில் இல்லை, உப்பில் உள்ளது. வயது வந்தவர் ஒரு நாளில் 2000 மில்லிகிராமுக்கும் குறைவாகவே சோடியம் கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது 5 கிராம் உப்புக்குச் சமம். டப்பாவின் ஒட்டுத்தாளில் சோடியத்தின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 300 கிராம் டப்பா ஒன்றில் மொத்தம் 1200 மில்லிகிராம் சோடியம் இருப்பதாகக் கொள்வோம். அதாவது 3 கிராம் உப்பு. சம அளவு நீர் ஊற்றி மூவர் குடித்தால் ஒருவர்க்கு 1 கிராம் உப்பு சேரும். ஒருவரே முழுவதையும் குடித்தால் அன்றைய உப்பில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்! சோறு, குழம்பு, ஊறுகாய், அப்பளம் இன்னும் பாக்கி.

செய்முறை

நம் வீட்டு ரசத்தின் வழியே இதற்குத் தீர்வு. பருப்பு வேகும்போது, உப்புப் போடுவதற்கு முன், தெளிந்த பருப்புத் தண்ணீரை மூன்றரை டம்ளர் (சுமார் 700 மில்லி) இறுத்துக்கொள்க. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் ஆறு, பூண்டு இரண்டு பல், கறிவேப்பிலை வதக்கி, பழுத்த பெரிய தக்காளி இரண்டை நறுக்கிச் சேர்த்துக் குழைய வேகவிடுக. பருப்புத் தண்ணீரும் டப்பா சூப்பும் ஊற்றி ஒரு கொதி வந்ததும், பொடித்த மிளகு, சீரகம் வகைக்கு அரைத் தேக்கரண்டி தூவி இறக்குக. உப்புச் சேர்க்கக் கூடாது. கொத்தமல்லித் தழையும் சில துளி எலுமிச்சைச் சாறும் உப்புக் குறைவை நாக்குக்குத் தெரியாமல் செய்யும். பருப்புத் தண்ணீர் தயாராக இருந்தால் கால்மணி நேர வேலைதான்.

இது ஆறு பேருக்குப் போதும். மேற்சொன்ன கணக்கின்படி ஒருவர்க்கு 200 மில்லிகிராம் சோடியம், அதாவது அரை கிராம் உப்பு மட்டுமே சேரும். உப்பு பாதியாயிற்று, பருப்பின் சத்தும் சிறிது கூடிற்று.

எச்சரிக்கை

உப்பிய டப்பாவைத் திறவாமல் எறிந்துவிடுக. மிஞ்சிய சூப்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். தக்காளியிலும் பருப்பிலும் பொட்டாசியம் உண்டு. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டே பருக வேண்டும்.

நம் மிளகுத்தண்ணீரைத்தான் ஆங்கிலேயர் ‘முல்லிகட்டானி’ என்று பெயர் மாற்றி சூப்பாகக் கொண்டு சென்றனர். அவர்கள் நாட்டு டப்பா இங்கு வரும்போது, அதனை மீண்டும் மிளகுத்தண்ணீரின் வழிக்குக் கொண்டுவருவது நம் கடமை. ஒட்டுத்தாளைப் படிக்கத் தெரிந்த மாணவர் ஒருவர் வீட்டில் இருந்தால், அவ்வீட்டு முதியவர்க்கு அதுவே பாதுகாப்பு.