பனிப்புயல் வார இறுதி: அளவை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள்

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் காரில் கிளம்புகிறவர்கள் வானிலை அறிக்கையில் முதலில் தேடுவது, எத்தனை அங்குலம் பனி கொட்டும் என்பதைத்தான். அதைவிட முக்கியம், குளிர்முகப்பு, அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, உங்கள் சாலையை எத்தனை மணிக்குக் கடக்கிறது என்பது. 2022 டிசம்பர் 21 அன்று வயோமிங் மாநிலத்தின் ஷையானில் அரை மணி நேரத்துக்குள் வெப்பநிலை சுமார் 22 டிகிரி செல்சியஸ் சரிந்தது. கனமான குளிர்காற்று வெதுவெதுப்பான காற்றின் அடியில் ஆப்பு போல நுழைவதால் வரும் சரிவு இது. ஈரமாயிருந்த தார்ச்சாலை சீக்கிரமே வழுக்குப்பனியாகிவிடும். நீண்ட பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்பிப் பயனில்லை. ஒரு நாள் முன்னதாகப் போங்கள், இல்லையேல் தள்ளிப்போடுங்கள்.

"வானிலைக்காரர் சொன்னது எப்போது பலித்தது?" என்பீர்கள். பனியின் அளவு தப்பலாம். பெரிய குளிர்முகப்பின் வருகை சில நாள் முன்பே தெரிந்துவிடுகிறது. அதே 2022 டிசம்பர் வாரம் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவுக்குப் பனிப்புயல் எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது. அப்படியும் அந்நகரம் உள்ள ஈரி கவுண்டியில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சிலர் பனியில் சிக்கிய காருக்குள்ளேயே. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இருக்கிறதே என்றால், அது கிளம்ப உதவும். பிரேக் பிடிக்க உதவாது. மீறி மாட்டிக்கொண்டால் இறங்கி நடக்காதீர்கள். சைலன்சர் வாயை அடைத்த பனியை முதலில் அகற்றுங்கள். இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜினை ஓடவிட்டு, காற்றடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவையுங்கள். அதற்கு டேங்க் பாதியாவது நிறைந்திருக்க வேண்டும்.