புது பேட்டரியும் படுத்துவிட்டதா?

கேள்வி: பைக்கில் பேட்டரி மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் செல்ஃப் எடுக்கவில்லை. மறுபடியும் மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பாதி நேரம் குற்றவாளி பேட்டரியாக இருப்பதில்லை, அதற்குச் சார்ஜ் வராததுதான். முதலில் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால், நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றிவிட்டுச் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

அடுத்து மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். வண்டி ஓய்வில் இருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். 12-லேயே நின்றால் சார்ஜ் வரவில்லை. ஃபியூஸ், சார்ஜ் தரும் காயிலில் இருந்து அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குப் போகும் ஒயர் கப்ளர், இரண்டையும் பாருங்கள். கப்ளர் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அவை சரியாக இருந்தால் காயிலையும் ரெகுலேட்டரையும் மெக்கானிக் சோதிக்கட்டும். 15-ஐத் தாண்டினாலும் ஆபத்து; ரெகுலேட்டர் பழுது, பேட்டரி வெந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் சார்ஜ் நிற்கவில்லை என்றால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். வாரன்ட்டி அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள்.